தெருவிற்குப் பிணை யார்?

சென்ற ஐப்பசித் திங்களில் எமது விடுதிக்கு அணித்தாயுள்ள தெருவின் நடைபாதையைக் குழாய் பதிக்கும்பொருட்டு அகழ்ந்தனர். வேலை முடிந்தது, ஆட்கள் அகன்றனர். பள்ளத்தில் மண்ணை வாரி இட்டனரேயன்றித் திமிசு போட்டு இறுக்கினாரில்லை. மழை பெய்தது, மண் அமிழ்ந்தது. நாள்தோறும் விடியலில் விடுதிக்குக் கீரை கொணரும் பாட்டி, நீர் நிறைந்த அக்குழியைத் தரையென்று கருதிக் கால்வைத்துக் கணுக்கால் முறிந்தாள். பொறுப்பாளர் யாவரென்று வினவிய எமக்குக் கிடைத்த விடை, ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்பதே. அவ்விடையே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

பிணை என்னும் சொல் பிணைத்தலைக் குறிப்பது. ஒருவன் கொடுத்த வாக்கோடு மற்றொருவன் தன் பொருளையும் பெயரையும் சேர்த்துக் கட்டுவதே பிணையாம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 126-ஆம் பிரிவில் கடனுக்கு உரியவர், முதற்கடனாளி, பிணையாளி என மூவரைக் கூறுகின்றது. தெரு வேலையில் நகராட்சி கடனுக்கு உரியவர், ஒப்பந்தக்காரர் முதற்கடனாளி, அவர் தவறின் ஈடு செய்வதாக எழுதிக்கொடுக்கும் வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ பிணையாளி. வேறு ஏற்பாடு இல்லாவிடில் பிணையாளியின் பொறுப்பும் முதற்கடனாளியின் பொறுப்பும் சமமென்பது 128-ஆம் பிரிவு.

இம்முறை அமெரிக்க நாட்டில் வேரூன்றியுள்ளது. அரசாங்கக் கட்டடத்தின்மேல் பற்றுரிமை கொண்டாடிக் கூலியைப் பெறுதல் தொழிலாளர்க்கு இயலாது. ஆதலின் அங்கு 1894-இல் ஹெர்டு சட்டமும், பின்னர் 1935-இல் மில்லர் சட்டமும் தோன்றின. குறித்த தொகைக்கு மேற்பட்ட கூட்டரசு வேலைகளுக்கு, வேலையை முடிப்பதற்கு ஒன்றும், கூலியாட்களுக்கும் பொருள் கொடுத்தோர்க்கும் பணம் செலுத்துவதற்கு ஒன்றுமாக இரு பிணைகளை மில்லர் சட்டம் கேட்கின்றது. நகரங்கள் பலவும் தெருவை அகழ அனுமதி வழங்குமுன் பிணை பெறுகின்றன. நியூயார்க்கு நகரத்திலோ, அகழ்ந்து செப்பனிட்ட இடத்திற்கு, சாதாரணத் தெருவாயின், மூன்றாண்டுகள் அகழ்ந்தவரே பொறுப்பாவார்.

நம் நாட்டிலும் வைப்புத்தொகை உண்டே எனச் சிலர் கூறலாம். உண்டு. ஆயினும் வைப்புத்தொகை பேசாது, பிணையாளி பேசுவார். தவறு நேரின் தம் கைப்பொருள் போகுமாதலின், ஒப்பந்தக்காரரின் முன்வேலை, கருவி, கடன் யாவற்றையும் ஆராய்ந்த பின்னரே அவர் கையொப்பமிடுவார். தாம் செலுத்தியதை ஒப்பந்தக்காரரிடம் திரும்பக் கேட்கவும் உரிமையுடையார். பிணை பாட்டியின் எலும்பைப் பொருத்தாதென்பது மெய். அடிபட்டோர்க்கு ஈடு வழங்குதல் வேறு காப்பீட்டின் கடமை. பாட்டி வருமுன் குழியை மூடுவித்தலே பிணையின் கடமை.

சிறு ஒப்பந்தக்காரர் இச்சுமையைத் தாங்குவரோ என்னும் ஐயம் நேரியதே. வங்கி உத்தரவாதத்திற்காகக் கைம்முதலை முடக்கி வைத்தல் அவர்க்கு அரிது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொட்டுக் காப்பீட்டு நிறுவனங்களும் பிணை வழங்க இந்தியாவில் விதிகள் உள்ளன. கட்டணம் செலுத்திப் பிணை பெறும் வழி அதனால் திறந்தது. அகழும் நீளத்திற்கும் ஆழத்திற்கும் ஏற்பப் பிணைத்தொகையை வரையறுப்பின், சிறியோர் நசுங்கார்.

ஆகவே யான் வேண்டுவன இரண்டு. வேலை முடிந்த நாளோடு பிணை முடியலாகாது. ஒரு வடகிழக்குப் பருவமழையேனும் அத்தெருவின்மேல் பெய்து ஓய்ந்த பின்னரே அதனை விடுவித்தல் வேண்டும். நம் நிலத்தில் மண்ணைச் சோதிக்கும் பரிசோதகர் மழையே. மற்றொன்று, பள்ளத்தருகே நடும் பலகையில் ஒப்பந்தக்காரரின் பெயரோடு பிணையாளியின் பெயரும், பிணை முடியும் நாளும் தமிழில் எழுதப்படல் வேண்டும். அலமாரியில் உறங்கும் பிணைப் பத்திரத்தால் தெருவில் நடப்போர்க்குப் பயன் யாது?

பாட்டி இப்பொழுது கோலூன்றி நடக்கின்றாள். கீரைக்கூடையை அவள் பெயர்த்தி சுமந்து வருகின்றாள். குழியோ இன்னும் அங்கேயே உள்ளது. அவ்வழியே செல்லும் நண்பர்காள், நிலம் பார்த்து நடமின். நடந்தபின், இதற்குப் பிணை யாரென்று உரியவரிடம் எழுதிக் கேண்மின்.