ஆற்றுத் திருவிழாவும் ஆற்று நீரும்

தை மாதம் ஐந்தாம் நாள் தென்பெண்ணைக் கரையில் நிகழும் ஆற்றுத் திருவிழாவை விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தார் யாவரும் அறிவர். பிடாகம், பேரங்கியூர் முதலிய இடங்களில் சுற்றூர்த் தெய்வங்கள் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வதும், சிறுவர் மணலில் ஓடியாடுவதும், சுருளிக்கிழங்கு குவித்து விற்கப்படுவதும் கண்கொள்ளாக் காட்சிகளாம். ஏழையும் செலவின்றிக் களித்தற்கு ஆற்றங்கரையினும் சிறந்த இடம் வேறுண்டோ? ஆயின், நாம் மூழ்கும் நீர் எத்தகையது என்று கேட்பார் மிகச் சிலரே.

இவ்வாறு கருநாடகத்து நந்தி மலைப் பகுதியிற் பிறந்து, தட்சிண பினாகினி என்னும் பெயருடன் ஓடி, ஓசூரருகே தமிழகம் புகுந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து நம் ஜில்லாவை அடைகின்றது. பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவுநீரும் இதனோடு கூடுகின்றது. ஓசூரையடுத்த கெலவரப்பள்ளி அணையில் மதகு திறக்குங்கால் வெண்ணுரை பொங்கியதைப் பத்திரிகைகள் பன்முறை எழுதியுள்ளன. அது புதுப்புனலின் நுரையன்று. சவர்க்காரமும் ஆலைக்கழிவும் கலந்த நீரின் நுரை. இடையிலுள்ள அணைகளில் அழுக்கு ஓரளவு படியும். எஞ்சி வருவது எவ்வளவு என்பதை அளந்தாலன்றி அறியலாகாது.

நிற்க. பழியனைத்தையும் பெங்களூரின்மேற் சுமத்தி வாளாவிருத்தல் நீதியாகாது. நம் கரையூர்களின் சாக்கடை ஆற்றிற் சேர்வதும், நீரை வடித்துத் தாங்கும் மணல் அள்ளப்படுவதும் நம் கண்முன் நிகழ்வனவே. திருவிழாவின் மறுநாள் மணலிற் கிடக்கும் பிளாஸ்டிக் பைகள் யாருடையவை? வெள்ளம் வரின் அழுக்கெல்லாம் அகலும் என்பாருமுளர். 2024 டிசம்பரில் ஊர்களுட் புகுந்த பெருவெள்ளம் சில நாளில் வடிந்தது. கழிவோ நாள்தோறும் வருகின்றது.

ஆதலின் நாம் வேண்டுவது ஒன்று. குளித்தற்குரிய நீரில், லிட்டரொன்றுக்குக் கரைந்த பிராணவாயு 5 மில்லிகிராமுக்குக் குறையாமலும், கழிவு சிதைதற்கு வேண்டும் பிராணவாயு 3 மில்லிகிராமுக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டுமென்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவை. ஆண்டுதோறும் தை பிறக்குமுன் நீரைச் சோதித்து, முடிவைக் கரையிலேயே தமிழிற் பலகை எழுதி வைத்தல் அதிகாரிகளின் கடமை. இரசாயனம் பயிலும் நம் மாணவரும் அந்நீரை அளந்து ஒப்புநோக்கலாம். திண்டிவனத்தையடுத்த வீடூர் அணை நீரிலும் இப்பணியைத் தொடங்கலாம். மேலைப் பகுதியாரிடம் நியாயம் கேட்கச் செல்லுமுன் நம் கையிற் கணக்கு இருத்தல் வேண்டுமன்றோ? ஆற்றுக்கு விழா எடுப்பார்க்கு ஆற்றைக் காத்தலும் கடனே.