பால் ஒவ்வாமையா, செரியாமையா?

"என் பிள்ளைக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை" என்று கூறிப் பாலை அறவே நிறுத்திவிடும் தாய்மாரைப் பீங்கானுக்குப் பெயர்பெற்ற நம் விருத்தாசலத்திலும் காண்கிறேன். அந்த ஒரு சொல்லுக்குள் இருவேறு குறைகள் ஒளிந்துள்ளன.

ஒவ்வாமை என்பது, பாலிலுள்ள புரதத்தை உடல் பகையெனக் கருதி எதிர்ப்பது. பெரும்பாலும் முதல் வயதிலேயே தலைகாட்டும். பால் அருந்திய சில நிமிடங்களில், அல்லது இரண்டு மணி நேரத்துக்குள், தோலில் தடிப்பு, உதட்டு வீக்கம், வாந்தி, இளைப்பு தோன்றலாம். சில குழந்தைகளுக்கு மலத்தில் இரத்தம் காணும். சிறு துளியும் ஆபத்தாகக் கூடும். மருத்துவர் அனுமதிக்கும்வரை தயிர், ரஸ்க், பால்கோவா யாவும் விலக்கே. மதரஸாவில் நார்சா வழங்குவோரும் கேட்டறிந்தே கொடுக்க வேண்டும். ஆட்டுப்பாலின் புரதமும் ஏறக்குறைய அத்தகையதே, அது மாற்றாகாது. (பாட்டிமார் கோபிக்கலாகாது!) மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

செரியாமையோ, லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரையைப் பிரிக்கும் நொதி குறைவதால் வருவது. வயிற்று உப்புசம், வலி, பேதி உண்டாகும், உயிருக்கு அச்சமில்லை. பெரும்பாலும் 5 வயதுக்குப் பின்னரே தோன்றும். கடும் வயிற்றுப்போக்குக்குப் பின் சில வாரம் இருந்து மறைவதும் உண்டு. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், சோதிக்கப்பட்ட தென்னிந்தியருள் 88 விழுக்காட்டினருக்கும் வட இந்தியருள் 66 விழுக்காட்டினருக்கும் லாக்டோஸ் சரிவரச் செரிக்கவில்லை. எனினும் இத்தகையோர் பலருக்குத் தயிரும் சிறிதளவு பாலும் தீங்கு செய்வதில்லை.

பிள்ளை உண்டதையும், எத்தனை நேரத்தில் என்ன கண்டது என்பதையும் குறித்துவைத்துக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் 2 முதல் 4 வாரம் பாலை நிறுத்தச் சொல்லி, மீண்டும் கொடுத்துப் பார்ப்பார். ஒவ்வாமை ஐயமிருப்பின் அச்சோதனையை வீட்டில் தாமாகச் செய்யாதீர்கள். தாய்ப்பாலை மட்டும் நிறுத்த வேண்டாம். தேவையெனில் தாயே பாலுணவைத் தவிர்க்குமாறு மருத்துவர் கூறுவார்.