கட்டிய கயிற்றை அவிழ்ப்பது யார்?

2004 டிசம்பர் 26 கழிந்து மூன்றாம் நாளோ நான்காம் நாளோ இருக்கும். கொழும்பில் நான் அப்போது பணியாற்றிய நாளிதழின் செய்தி மேசையில் இரவுப் பணி. கல்முனையிலிருந்து எங்கள் பிரதேச நிருபர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தேன். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர் ஊராக இறந்தோர் தொகை. குரல் உடைந்து உடைந்து வந்தது. அவரும் தம் உறவினரை அடக்கிவிட்டு வந்து பேசிக்கொண்டிருந்தார். கடைசியாக இரண்டு வரிகள் சொன்னார். கரையோர வளவுகளில் ஆடுகளும் மாடுகளும் கட்டிய கயிற்றோடே செத்துக் கிடக்கின்றன, அகற்ற ஆளில்லை என்பது அவற்றின் சாரம்.

பக்கத்தில் இடமிருக்கவில்லை. அந்த இரண்டு வரிகளையும் நான் வெட்டினேன்.

அது பிழையென்று இன்றும் என்னால் முழு மனதோடு சொல்ல முடியவில்லை. நாடு முழுவதும் 30,000 பேருக்கு மேல் மாண்டுபோன நாட்கள் அவை. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000 பேருக்கு மேல். பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கும் தாயின் முன்னால் ஆட்டைப் பற்றிப் பேசுவது நாகரிகமல்ல என்றுதான் எண்ணினேன். ஆனால் நான் வெட்டிய வரிகளுக்குள் என் உம்மாவின் ஆடும் இருந்தது என்பது ஒரு வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது.

உம்மாவின் வீடு சாய்ந்தமருதில், கடலுக்கும் பிரதான வீதிக்கும் நடுவே. எங்கள் பக்கத்து ஊர்களின் அமைப்பை அறியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: கிழக்கே கடல், மேற்கே வயல், இடையில் நெருக்கமாக வீடுகள் நிறைந்த ஒடுங்கிய நிலத்துண்டு. ஓடுவதென்றால் மேற்கு நோக்கித்தான் ஓட வேண்டும். அன்று காலை அயல் வீட்டுப் பொடியன்கள் உம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சினை ஆடு ஒன்று முருங்கை மரத்தில் கட்டியபடி நின்றது. கோழிக்கூட்டின் கதவு சாத்தியிருந்தது. பூனை மட்டும் எப்படியோ தப்பி, ஐந்தாறு நாள் கழித்து இடிந்த சுவரின் மேல் வந்து உட்கார்ந்திருந்ததாம்.

"நான் கட்டின கயிறுதானே மகன் அது" என்று உம்மா ஒரேயொரு தடவைதான் சொன்னார். நான் பதில் சொல்லவில்லை.

அந்த நாட்களில் உலகப் பத்திரிகைகள் எல்லாம் ஒரு கதையை ஆவலோடு எழுதின. மிருகங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது, யால வனத்தில் மனிதர்கள் மாண்டார்கள், விலங்குகளின் சடலங்களோ காணப்படவில்லை என்பது அக்கதை. எங்கள் பத்திரிகையும் போட்டது. அழகான தலைப்பும் வைத்தோம். பின்னர் 2006 இல் வெளியான ஓர் ஆய்வு, யாலவில் செய்மதிக் கழுத்துப்பட்டி அணிவிக்கப்பட்டிருந்த யானைகளின் நடமாட்டத்தைப் பரிசீலித்து, அவை முன்னறிந்து தப்பி ஓடியதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று கூறியது. அதற்கு நாங்கள் தலைப்பு வைக்கவில்லை.

முன்னறிவு உண்டா இல்லையா என்ற விவாதம் விஞ்ஞானிகளுக்குரியது. என்னை உறுத்துவது வேறு. "அதுகளுக்குத் தெரியும், அதுகள் தப்பிக்கொள்ளும்" என்பது நமக்கு வசதியான ஒரு நம்பிக்கை. காட்டு யானையின் காலில் கயிறு இல்லை. நம் வீட்டு ஆட்டின் கழுத்தில் உண்டு. அதற்கு எல்லாம் தெரிந்திருந்தாலும் முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவது எப்படி? கோழி தன் கூட்டை வெளியிலிருந்து திறப்பது எப்படி? பூட்டிய அறைக்குள் இருக்கும் பூனை ஜன்னல் கம்பியை என்ன செய்யும்?

எங்கள் ஊர்ப் பள்ளிவாசல்களில் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்த ஒரு ஹதீஸ் உண்டு. பூனையொன்றைக் கட்டிப்போட்டு, உணவும் கொடுக்காமல், தானே தேடித் தின்ன அவிழ்த்தும் விடாமல் சாகவைத்த பெண் நரகம் புகுந்த செய்தி அது. புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. பசியைப் பற்றிய எச்சரிக்கையாகவே இதை நாம் விளங்கிக்கொள்கிறோம். எனக்கோ, 2004 க்குப் பின்னர், அதில் வரும் கட்டு என்ற சொல்தான் காதில் விழுகிறது. ஒரு சீவனின் ஓடும் சுதந்திரத்தை நம் தேவைக்காக நாம் எடுத்துக்கொண்டோம் என்றால், ஆபத்து வரும்போது அதைத் திருப்பிக் கொடுக்கும் கடமையும் நம்முடையதுதானே. மார்க்கச் சட்டம் பேசும் தகுதி எனக்கில்லை. உலமாக்கள் திருத்தினால் ஏற்றுக்கொள்வேன்.

இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது, மரியாதைக்குரிய பெரியவர் ஒருவர் கோபித்துக்கொண்டார். "மனிசனையே காப்பாற்ற முடியாத நாட்டில் ஆட்டுக்குத் திட்டம் கேட்கிறீரா?" என்றார். நியாயமான கேள்வி. அதற்கான விடை வங்காள விரிகுடாவின் மறுகரையில் இருக்கிறது.

1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய புயலில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். அதன் பின்னர் பங்களாதேஷின் கரையோரங்களில் உயரமான மண்மேடுகள் எழுப்பப்பட்டன. கில்லா என்று அவற்றை அழைக்கிறார்கள். கோட்டை என்று பொருள். மாடுகளையும் ஆடுகளையும் ஓட்டிச்சென்று ஏற்றிவிடும் இடம் அது. பின்னர் கட்டிய புயல் தங்குமிடங்கள் பலவற்றிலும் கால்நடைகளுக்கு இடம் ஒதுக்கினார்கள். ஏழை விவசாயிக்கு மாடுதான் வங்கிக் கணக்கு. அதைக் கரையில் விட்டுவிட்டு வா என்றால் அவன் வரமாட்டான். வந்தாலும் திரும்பிப் போவான். இதை அந்த நாடு தன் பிணங்களை எண்ணிக் கற்றுக்கொண்டது. மாட்டுக்கு இடம் கொடுத்தது மனிதனை வரவழைப்பதற்காகவும்தான்.

செல்வந்த நாடுகளும் இதே பாடத்தைப் பிந்தித்தான் படித்தன. 2005 ஓகஸ்ட்டில் கத்ரீனா சூறாவளி நியூ ஓர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது, நாயையும் பூனையையும் ஏற்றிக்கொள்ள மறுத்த மீட்புப் பணியாளரோடு போக மறுத்து வீட்டிலேயே தங்கியவர்கள் பலர். அடுத்த ஆண்டே, அவசரகாலத் திட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் இயற்றியது. ஜப்பானில் 2011 இல் புக்குஷிமா அணு உலையைச் சுற்றி வாழ்ந்தோர் இரண்டொரு நாளில் திரும்பலாம் என்றெண்ணி நாய்களைக் கட்டிவைத்துவிட்டு வெளியேறினார்கள். திரும்ப விடப்படவில்லை. 2013 இல் அந்நாட்டுச் சுற்றாடல் அமைச்சு, வெளியேறுவோர் தம் பிராணிகளையும் உடன் அழைத்துச் செல்வதே முறை என்று வழிகாட்டல் வெளியிட்டது.

நமக்கு 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இருக்கிறது. கொழும்பில் நிலையமும் மாவட்டந்தோறும் அலுவலகமும் இருக்கின்றன. வெள்ளம் வந்தால் மக்களைப் பாடசாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையைக் கிராம உத்தியோகத்தர்கள் நன்றாகவே செய்கிறார்கள். அதை மறுப்பது நன்றிகெட்டதனம். ஆனால் பாடசாலை வாசலில் ஆட்டோடு வந்து நிற்கும் கிழவிக்கு யாரிடமும் பதில் இல்லை.

ஆழிப்பேரலை நூறாண்டுக்கு ஒருமுறை வரலாம், வராமலும் போகலாம். வெள்ளம் அப்படியல்ல. மாரியில் கிட்டங்கி வீதிக்கு மேலால் நீர் பாயாத ஆண்டு அபூர்வம். மேற்கே வயல் வாடிகளிலும் பட்டிகளிலும் நிற்கும் மாடுகளுக்கு அந்த நாட்களில் மேட்டு நிலம் வேண்டும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலையொட்டி வந்த கடுங்குளிரிலும் காற்றிலும் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் நின்ற இடத்திலேயே விறைத்துச் செத்தன. வெள்ளம்கூட இல்லை, வெறும் குளிர். ஒரு கூரையும் காற்றுக்கு மறைப்பும் இருந்திருந்தால் அவற்றிற் பல பிழைத்திருக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் 600 க்கும் மேற்பட்ட மனித உயிர்களைக் கொண்டுபோனது. கால்நடைகளும் கோழிகளும் பெருந்தொகையாக அழிந்தன. சில நாட்கள் செய்தி வந்தது. பின்னர் மறந்தோம்.

அரசாங்கத்தைக் குறைகூறிக் கட்டுரையை முடித்துவிடுவது என் தொழிலில் மிகச் சுலபமான வேலை. நாற்பது வருடம் செய்திருக்கிறேன். எனவே வீட்டுக்குள்ளும் சற்றுப் பார்ப்போம்.

எந்த முகாமும் தடுப்பூசி ஏற்றாத நாயையோ பூனையையோ குழந்தைகள் படுத்திருக்கும் மண்டபத்தின் அருகே அனுமதிக்காது; அனுமதிக்கவும் கூடாது. ஆகவே அனர்த்த ஆயத்தம் தொடங்குமிடம் தடுப்பூசி அட்டைதான். இலங்கையில் 1973 இல் 377 பேர் விசர்நாய்க்கடி நோயினால் இறந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் அது 20, 30 என்ற அளவுக்கு இறங்கியிருப்பது நாய்களுக்கு ஊசி போட்டதனாலும், கடிபட்டோருக்கு அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசச் சிகிச்சை கிடைப்பதனாலுமே. இந்நோய் பூனையாலும் வரும் என்பதை எங்கள் ஊரில் பலர் நம்புவதில்லை. பூனை சுத்தமான பிராணி, வீட்டைச் சுற்றித் திரிவது என்று மார்க்கம் சொன்னதை, பூனைக்கு நோயே வராது என்று விளங்கிக்கொள்கிறோம். இப்போது இளைஞர்கள் பெரும் பணம் கொடுத்துப் பேர்சியன் பூனை வாங்குகிறார்கள். பூனைக்கு உணவு வாங்கும் பணத்தில் சிறு பங்கு ஊசிக்குப் போதும். கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கால் மணித்தியாலம் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மஞ்சள் பூசிக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது.

நாய் விடயம் எங்கள் ஊர்களில் சிக்கலானது. ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நாம் நாயின் எச்சிலை அசுத்தமாகக் கருதுகிறோம். வீட்டுக்குள் எடுப்பதில்லை. வயல் வாடியிலும் மாட்டுப் பட்டியிலும் காவலுக்கு வளர்க்கிறோம். வீதியில் கட்டாக்காலியாகத் திரிவதற்கு மிச்சச் சோறும் போடுகிறோம். ஆனால் ஊசி போட வரும் நாளில் "இது எங்கட நாய் இல்லை" என்கிறோம். சோறு போடும் வீட்டுக்காரர் யாரோ அவர்தான் அந்த நாயைப் பிடித்துக் கொடுக்கக்கூடியவர். வேறெவரிடமும் அது வராது. அசுத்தம் பற்றிய சட்டம் கழுவுவதற்கானது, கைவிடுவதற்கானதல்ல. தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் நீர் மொண்டு கொடுத்தவர் மன்னிக்கப்பட்ட செய்தியும் அதே நூல்களில்தான் இருக்கிறது.

பூனை வளர்ப்போருக்கு ஒரு சிறு யோசனை. மூடியும் காற்றுத் துளைகளும் உள்ள பிளாஸ்டிக் கூடை ஒன்றை வாங்கி, வீட்டின் மூலையில் எப்போதும் திறந்து வையுங்கள். அதற்குள்ளேயே தீனி வையுங்கள். பழகிய கூடைக்குள் அது தானே போகும். சத்தம் கேட்டு மிரண்ட பூனையை அந்நேரத்தில் துரத்திப் பிடிக்கப் போனால் கையெல்லாம் இரத்தமாகும், பூனையும் கிடைக்காது. கூடை இல்லாத வீட்டில் தலையணை உறையும் உதவும். பிராணியின் படமொன்று தொலைபேசியில் இருக்கட்டும். எடுத்துச்செல்ல வழியே இல்லையென்றால், ஆடு, மாடு, கோழி எதுவானாலும், அவிழ்த்துவிட்டு, திறந்துவிட்டு ஓடுங்கள். அதற்கும் நேரமில்லையென்றால் ஓடிவிடுங்கள். எந்தக் காரணம் கொண்டும் திரும்பிப் போகாதீர்கள்.

நேரம் எவ்வளவு என்பதை 2012 ஏப்ரல் 11 இல் அறிந்தேன். சுமாத்திராவுக்கு அப்பால் பெரும் நிலநடுக்கம். பிற்பகல் நம் கரையோரங்களில் வெளியேறுமாறு அறிவித்தார்கள். நான் கொழும்பிலிருந்து உம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"உம்மா, வெளிக்கிடுங்க!"

"வாறன் மகன், கோழிக்கூட்டைத் திறந்துட்டு வாறன்."

நான் கத்தினேன். உம்மா தொலைபேசியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். கோழிகளின் சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு நிமிடமும் ஆகியிருக்காது. வந்து, "போறன்" என்றார். 2004 க்குப் பிறகு அவர் ஆட்டைக் கட்டும் முடிச்சையே மாற்றிவிட்டிருந்தார். ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு. ஆடு இழுத்தால் இறுகும், தொங்கும் நுனியைக் கை இழுத்தால் கழன்றுவிடும். அன்று பேரலை வரவில்லை. கோழிகளில் இரண்டு மட்டும் அயல் வளவுக்குப் போய்விட்டனவாம். ஆடு மறுநாள் பிரதான வீதிக்கப்பால் யாருடைய வேலியையோ மேய்ந்துகொண்டு நின்றது. வேலிக்காரர் உம்மாவை ஏசியதும் தனிக்கதை.

உம்மா மௌத்தாகிவிட்டார். ராத்தா வீட்டில் இப்போதும் இரண்டு ஆடுகள் நிற்கின்றன. போன மாதம் ஊருக்குப் போனபோது, எங்கள் பகுதி மக்கள் வெள்ளத்தில் தங்கும் பாடசாலையைப் பார்த்து வந்தேன். மைதானத்தின் ஒரு மூலை சற்று மேடு. அங்கே நாலு தூண் நட்டுத் தகரம் போட்டு, கம்பிவேலி அடித்தால் முப்பது நாற்பது ஆடுகள் நிற்கலாம். மழையில்லாத நாட்களில் சைக்கிள் நிறுத்தலாம். அதிகாரி ஒருவரிடம் சொன்னேன். சிரிக்காமல் கேட்டார், அதுவே பெரிய விடயம். எழுத்தில் தாருங்கள் என்றார். எழுதிக் கொடுத்திருக்கிறேன். நகலொன்றைப் பள்ளிவாசல் நிர்வாகத்தினரிடமும் சேர்ப்பித்தேன். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.