10.75 கோடி சம்பளம், ரெண்டே மேட்ச்: வேலை மாறுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



2025 நவம்பர்ல சி.எஸ்.கே. பண்ணின டிரேடு ஞாபகம் இருக்கும். ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துட்டு சஞ்சு சாம்சனை வாங்கினாங்க. சஞ்சுவுக்கு அதே 18 கோடி. ஜடேஜாவோட சம்பளம் 18 கோடியிலிருந்து 14 கோடிக்கு இறங்குச்சு. அடுத்த மாசமே அபுதாபி ஏலத்துல, இந்திய அணிக்கு இன்னும் ஒரு மேட்ச்கூட ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா ரெண்டு பேருக்கும் தலா 14.20 கோடி கொடுத்தாங்க.

நம்ம சேலம், நாமக்கல் பக்கம் எந்த டீக்கடையில நின்னாலும் அப்போ ஒரே சண்டைதான். "ஜடேஜாவை எப்படிங்க விடலாம்?"னு ஒரு கூட்டம். "வயசான டீமை மாத்தித்தானே ஆகணும்"னு இன்னொரு கூட்டம். நான் ரெண்டாவது கூட்டம். 2025 சீசன்ல சி.எஸ்.கே. முதல்முறையா கடைசி இடத்துக்குப் போச்சு. அந்த மோசமான சீசன்ல பாக்குற மாதிரி இருந்ததே, ருதுராஜுக்கு மாற்றா 30 லட்சத்துக்கு வந்த 17 வயசுப் பையன் ஆயுஷ் மாத்ரே ஆடினதுதான். ஆர்.சி.பி.க்கு எதிரா 48 பந்துல 94 அடிச்சான். கோடிகளைக் கொட்டி வாங்கின ஆட்கள் தடுமாறுனப்போ, 30 லட்சத்துப் பையன் அடிச்சான்.

ஆனா இந்தச் சண்டையில யாரும் கேக்காத ஒரு கேள்வி இருக்கு. இளம் பசங்களை வளர்க்குறது யாரு? அந்தச் செலவு யாருது, லாபம் யாருக்கு?

நாமக்கல்காரங்களுக்கு இதைப் புரிய வைக்கிறது ரொம்ப சுலபம். முட்டைப் பண்ணையில ஒரு நாள் குஞ்சை வாங்கி விட்டா, ஏறக்குறைய 18, 20 வாரம் தீவனம் போட்ட பிறகுதான் முதல் முட்டை வரும். அதுவரைக்கும் வெறும் செலவு. தடுப்பூசி, தீவனம், கரண்ட், ஆள் கூலின்னு எல்லாம் நம்ம கையிலிருந்து. அந்த 20 வாரத்தைத் தாங்குறவனுக்குத்தான் அடுத்த ஒரு வருஷத்து முட்டை.

அமெரிக்கா பேஸ்பால்ல இதுக்குப் பேரே 'பண்ணை' முறைதான். நூறு வருஷத்துக்கு முன்னாடி செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில பிராஞ்ச் ரிக்கி ஆரம்பிச்சு வச்சது. 18 வயசுப் பையனை எடுத்து, கீழ்நிலை அணிகள்ல சில வருஷம் ஆடவிட்டு, படிப்படியா மேல கொண்டு வருவாங்க. மேல வந்த பிறகும் அவன் சுதந்திரமா வேற அணிக்குப் போக ஆறு வருஷ சர்வீஸ் ஆகணும். அதனால வளர்க்குற அணிக்கு வளர்த்ததுக்கான பலன் கிடைக்குது. 2022 ஆகஸ்ட்ல வாஷிங்டன் நேஷனல்ஸ் தன்னோட பெரிய ஸ்டார் ஹுவான் சோட்டோவை சான் டியேகோவுக்குக் கொடுத்தப்போ, பதிலுக்குக் கேட்டது பெரும்பாலும் முளைச்சு வர்ற பசங்களை. அதுல சி.ஜே. ஏப்ரம்ஸ், மெக்கன்ஸி கோர், ஜேம்ஸ் வுட்னு மூணு பேர் பின்னாடி ஆல் ஸ்டார் ஆனாங்க. ஆனா நேஷனல்ஸ் இன்னும் தோத்துக்கிட்டேதான் இருக்கு, 2025லயும் 96 தோல்வி. குஞ்சு வளர்த்தா முட்டை நிச்சயம்னு அங்கயும் யாரும் எழுதிக் கொடுக்கிறதில்லை.

ஐ.பி.எல்.ல அந்த ஏற்பாடே இல்லை. சில வருஷத்துக்கு ஒரு தடவை மெகா ஏலம் வருது, அணியைக் கலைச்சுப் போட்டுடுது. நீங்க மூணு வருஷம் நெட்ஸ்ல வச்சு செதுக்கின பையனை வேற ஒருத்தன் கையைத் தூக்கி ஏலத்துல எடுத்துட்டுப் போயிடுவான். அதனால அணிகள் வளர்ந்த கோழியைத்தான் தேடுறாங்க. குஞ்சை வளர்க்குற வேலை ஊருக்கும் கிளப்புக்கும், அந்தப் பையனோட வீட்டுக்கும்தான் விழுது.

இதை நடராஜன் கதையில பாருங்க. தாரமங்கலம் பக்கம் சின்னப்பம்பட்டி. அப்பா தறித் தொழிலாளி, அம்மா சாலையோரக் கடை. டென்னிஸ் பால்ல ஆடிக்கிட்டிருந்த ஆளை ஊர்க்காரர் ஜெயப்பிரகாஷ்தான் சென்னை வரைக்கும் கொண்டு போனார். அந்த நன்றிக்குத்தான் நடராஜன் சட்டையில 'ஜே.பி. நட்டு'ன்னு போட்டுக்கிட்டார். 2015ல ரஞ்சி ஆட்டம், உடனே பந்துவீச்சு முறை மேல சந்தேகம், அதைத் திருத்துறதுல காலம் போச்சு. 2016 டி.என்.பி.எல்.ல யார்க்கரா போட்டுத் தள்ளினார். 2017 ஏலத்துல அடிப்படை விலை 10 லட்சம். பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்துச்சு.

இங்கிருந்து விலையையும் மேட்ச் எண்ணிக்கையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிங்க.

2017, பஞ்சாப், 3 கோடி: 6 மேட்ச், 2 விக்கெட். 2018ல ஹைதராபாத், 40 லட்சம். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் ஒரு மேட்ச்கூட இல்லை. 2020ல 16 மேட்ச், 16 விக்கெட். டி வில்லியர்ஸையும் தோனியையும் எடுத்தது அந்த சீசன்லதான். அதை வச்சு நெட் பவுலரா ஆஸ்திரேலியா போனவர், அதே டூர்ல ஒருநாள், டி20, டெஸ்ட்னு மூணுலயும் இந்தியாவுக்கு அறிமுகமாயிட்டார். 2022லிருந்து சம்பளம் 4 கோடி. 2022ல 18 விக்கெட், 2024ல 19 விக்கெட். அப்புறம் மெகா ஏலம். ஹைதராபாத் கைவிட, டெல்லி 10.75 கோடிக்கு எடுத்துச்சு. 2025ல ஆடினது ரெண்டு மேட்ச். விக்கெட் பூஜ்யம். அங்க ஸ்டார்க், முகேஷ் குமார்னு ஏற்கனவே வரிசை இருந்துச்சு.

அவரோட கேரியர்ல அதிக விலை கிடைச்ச வருஷம்தான் கிட்டத்தட்ட எதுவுமே நடக்காத வருஷம். விலை 3 கோடியிலிருந்து 40 லட்சத்துக்கு விழுந்த இடத்துலதான் அவர் உருவானார். ஆளைப் பத்தி நாலு வருஷத்துக்கு முன்னாடி கிடைச்ச தகவலுக்கு மார்க்கெட் இன்னைக்குக் கொடுக்குற காசுதான் விலை. மேட்ச்தான் அடுத்த விலையை உருவாக்குது.

இப்போ உங்க கதைக்கு வாங்க. 25, 27 வயசு, மூணு வருஷ அனுபவம். போன்ல ஒரு ஹெச்.ஆர். கூப்பிடுறாங்க. "40 பர்சென்ட் ஹைக் தர்றோம், 15 நாள்ல ஜாயின் பண்ணணும்." நீங்க முதல்ல கேக்குற கேள்வி என்ன? கையில எவ்வளவு வரும். தப்பு இல்லை. ஆனா அதையாவது ஒழுங்கா கணக்குப் போடுறீங்களா?

ஒரு உதாரணம். சேலத்துல வீட்லயே இருந்து கையில 32,000 வாங்குறீங்க. வீட்டுக்கு 8,000, சொந்தச் செலவு 7,000 போக 17,000 மிச்சம். பெங்களூர்ல கையில 46,000. சாப்பாட்டோட பி.ஜி. 14,000, மதியச் சாப்பாடு, போக்குவரத்து 6,000, ஊருக்கு வந்து போக 3,000, வீட்டுக்கு அதே 8,000, சொந்தச் செலவு அதே 7,000. மிச்சம் 8,000. சம்பளம் 14,000 கூடி, சேமிப்பு 9,000 குறைஞ்சிருக்கு. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல "நியூ பிகினிங்ஸ்" போட்டதுக்கு மாசம் 9,000 ஃபீஸ்.

அப்போ போகாதீங்கன்னு சொல்றேனா? இல்லவே இல்லை. ரெண்டு வருஷத்துக்கு அது 2.16 லட்சம். பெங்களூர்ல நிஜமா ஆட விடுறாங்கன்னா அந்தக் காசு சல்லிசு. அதே எக்ஸெல் ஷீட்டை வேற ஊர்ல உக்காந்து நிரப்பப் போறீங்கன்னா அது வீண். அதனால இன்டர்வியூவில கடைசியா "எனி கொஸ்டின்ஸ்?"னு கேப்பாங்கல்ல, அங்க சம்பளத்தைத் தாண்டி இதைக் கேளுங்க. இந்த சீட்ல எனக்கு முன்னாடி இருந்தவர் இப்போ எங்க இருக்கார்? முதல் ஆறு மாசத்துல நானே தனியா முடிக்க வேண்டிய வேலை எது? என் வேலையைப் பார்த்துத் திருத்தப் போறது யாரு? "கிளையன்ட் கன்ஃபர்ம் ஆனதும் அலாட் பண்ணுவோம்"னு பதில் வந்தா புரிஞ்சுக்கோங்க, உங்களை ஸ்டார்க்குக்கு மாற்று ஆளா எடுக்குறாங்க.

ஐ.டி.ல இருக்கிறவங்களுக்கு 'பெஞ்ச்' என்ற வார்த்தையை விளக்கவே வேண்டாம். எல்லா பெஞ்சும் ஒண்ணு இல்லை. நடராஜன் ஹைதராபாத்ல உக்காந்திருந்த ரெண்டு வருஷம், பவுலிங் கோச் முத்தையா முரளிதரன், நெட்ஸ்ல கூடப் போடுறது புவனேஷ்வர் குமார். அது தீவனம் விழுற பெஞ்ச். உங்களைச் சுத்தி உங்களைவிட நல்லா வேலை தெரிஞ்ச ரெண்டு பேர் இருந்து, அவங்க சொல்லிக் கொடுக்கவும் செஞ்சா, குறைஞ்ச சம்பளத்துல ஒன்றரை வருஷம் உக்காரலாம். யாருமே இல்லாம ஏ.சி. மட்டும் இருக்குற பெஞ்ச்ல ஒரு வருஷத்துக்கு மேல இருக்காதீங்க. சொந்த ஊர், வீட்டுச் சாப்பாடு, பத்து நிமிஷத்துல ஆபீஸ்னு நாலு வருஷமா ஒரே இடத்துல இருந்து, புதுசா ஒண்ணும் கத்துக்கலைன்னா அதுவும் இந்த ரெண்டாவது பெஞ்ச்தான்.

இதெல்லாம் பேச நல்லாருக்கும், ஆனா 3 கோடியிலிருந்து 40 லட்சத்துக்கு இறங்குற மாதிரி ஒரு முடிவை நீங்க எடுக்க முடியுமா? அதைத் தீர்மானிக்கிறது உங்க தைரியம் இல்லை, உங்க இ.எம்.ஐ. பைக் 5,500, போன் 3,200, பெர்சனல் லோன் 7,000. மொத்தம் 15,700. இந்த ஆளுக்கு, நல்ல டீம்ல 5,000 குறைச்சலா ஒரு வேலை வந்தா எடுக்க முடியாது. எந்த வேலைக்குப் போகணும்னு லோன் கொடுத்தவன் முடிவு பண்ணிட்டான். ஆறு மாசச் செலவைத் தனியா எடுத்து வைங்கன்னு நான் ஒவ்வொரு வீடியோவுலயும் கத்துறது வேலை போயிடும்னு பயமுறுத்துறதுக்கு மட்டும் இல்லை. மேல சொன்ன பெங்களூர் கணக்குல அது 2.28 லட்சம். அந்தக் காசு பேங்க்ல இருந்தா விலையைப் பாக்காம மேட்சைப் பாத்து முடிவெடுக்கலாம்.

கம்பெனிகளைக் கேட்டா, "டிரெய்னிங் கொடுத்தா ஓடிடறாங்க சார்"னு சொல்வாங்க. பொய் இல்லை. மெகா ஏலத்துல ஆளை இழக்குற ஐ.பி.எல். அணியோட அதே புலம்பல்தான். அதுக்கு அவங்க கண்டுபிடிச்ச மருந்து பாண்டு. "பாண்டெல்லாம் கோர்ட்ல நிக்காது, பிரதர்"னு ஆபீஸ்ல ஒருத்தர் சொல்வார், நம்பாதீங்க. 2025 மே மாசம் விஜயா பேங்க் வழக்குல, மூணு வருஷத்துக்குள்ள விலகினா 2 லட்சம்னு இருந்த நிபந்தனை செல்லும்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. எல்லா பாண்டும் செல்லும்னு இதுக்கு அர்த்தம் இல்லை. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி படிக்கணும்னு அர்த்தம்.

இந்த ஓட்டை தெரிஞ்சுதான் நடராஜன் சின்னப்பம்பட்டியிலேயே ஒரு மைதானம் கட்டினார்னு நினைக்கிறேன். 2023 ஜூன்ல தினேஷ் கார்த்திக் வந்து திறந்து வச்சார். அதுக்கு முன்னாடியே அதே ஊர்ப் பையன் பெரியசாமி 2019 டி.என்.பி.எல். ஃபைனல்ல 5 விக்கெட் எடுத்துக் காட்டிட்டார். எந்த ஐ.பி.எல். அணியும் அங்க பண்ணை வைக்கலை. உங்க கம்பெனியும் உங்களுக்காக வைக்கப் போறதில்லை. அதனால மாசச் சம்பளத்துல ஒரு சின்னத் தொகையை, வாரத்துல ஒரு நாலு மணி நேரத்தை உங்க தீவனமா ஒதுக்குங்க. ஆனா ஒன்றரை லட்சத்துக்கு இ.எம்.ஐ. போட்டு ஆன்லைன் கோர்ஸ் வாங்காதீங்க. அது நெட் பிராக்டீஸ். சர்டிஃபிகேட் காட்டி யாரும் டீமுக்குள்ள வந்ததில்லை. ஆபீஸ்ல யாரும் தொடப் பயப்படுற ஒரு வேலையை, "நான் பாக்குறேன்"னு வாங்கிச் செய்யுங்க. அதுதான் மேட்ச்.

போறதுன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா தேதியை மட்டும் ஒரு தடவை பாருங்க. அஞ்சு வருஷம் முடிச்சாத்தான் நிரந்தர ஊழியருக்கு கிராஜுவிட்டி. பேசிக் 20,000ன்னா, அதை 15ஆல பெருக்கி 26ஆல வகுத்து, அஞ்சு வருஷத்துக்கு சுமார் 57,700 ரூபாய். நாலு வருஷம் மூணு மாசத்துல ஒரு ஆஃபர் வந்தா, அந்த 57,700ஐ ஜாயினிங் போனஸா கேளுங்க, பல கம்பெனி கொடுக்கும். ஒரு வருஷத்துக்குள்ள விலகினா திருப்பிக் கொடுக்கணும்னு ஷரத்து இருக்கான்னும் பாத்துக்கோங்க. பழைய பி.எஃப்.ஐ எடுத்துச் செலவு பண்ணிடாதீங்க. அஞ்சு வருஷத் தொடர் சர்வீஸ் ஆகாம எடுத்தா வரியும் கட்டணும். புதுக் கணக்குக்கு மாத்திடுங்க. அதை எப்படி மாத்துறதுன்னு அடுத்த வீடியோவுல ஸ்க்ரீன்ல காட்டுறேன், யு.ஏ.என். நம்பரை எடுத்து வச்சுட்டு வாங்க.