விறகடுப்புக்கு புளோயர் வேண்டுமா?

சகோதரிகளே, வீட்டுக்கு வீடு கேஸ் வந்துவிட்டாலும், எங்கள் பெருநகர் பக்கம் விறகடுப்பு இன்னும் அணைந்துவிடவில்லை. குளிக்க வெந்நீர், நெல் அவிக்க, விசேஷச் சமையல் என்று தோட்டத்து அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. சிலிண்டரை மிச்சம் பிடிக்க அன்றாடச் சோற்றையும் அதிலேயே வடிப்பவர்கள் உண்டு. "டீக்கடையில இருக்கிற மாதிரி ஒரு புளோயர் வெச்சுட்டா, ஊதாங்குழலும் வேணாம், புகையும் இருக்காதே" என்று இப்போது பலர் கேட்கிறார்கள்.

புகை என்பது எரியாமல் தப்பித்துப் போகும் விறகுதான். அது எரிய நல்ல சூடும், சரியான இடத்தில் காற்றும் வேண்டும். ஃபேன் வைத்தே தயாரிக்கும் அடுப்பில், கீழிருந்து வரும் காற்று விறகை எரிக்கும். மேல் விளிம்பிலுள்ள சிறு துளைகள் வழியே வரும் காற்று புகையை எரிக்கும். அதனால்தான் 2013-ம் வருஷத்து இந்தியத் தர விதி, ஃபேன் இல்லாத அடுப்புக்கு வெப்பத் திறன் 25 சதவீதமும், ஃபேன் உள்ளதற்கு 35 சதவீதமுமாவது இருக்க வேண்டும் என்கிறது.

நம் மண் அடுப்பில் அந்த மேல் துளைகள் ஏது? வாய் வழியாகக் காற்றை அடித்தால் தீ சீறும், உலை சீக்கிரம் கொதிக்கும். ஆனால் விறகும் சீக்கிரம் தீரும்; சாம்பல் பறந்து குழம்பில் விழும். மூட்டும்போது வரும் புகை குறையுமே தவிர, முழுதாகப் போகாது.

இன்னொன்றும் பாருங்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் வடிவமைத்த 'ஊர்ஜா' என்ற ஃபேன் அடுப்பு 2006-ல் விற்பனைக்கு வந்தது. நன்றாகவே எரிந்தது. ஆனால் அதற்கென்று தனியாக விற்ற எரிகட்டியின் விலை ஏறியதும், பலர் அதை ஓரங்கட்டிவிட்டார்கள். அடுப்பு வாங்கும்போதே, அதற்குப் போடும் தீனியின் விலையையும் கேட்டுக்கொள்ள வேண்டும்!

எதிர்வீட்டு மருமகளுக்கு இது ஆறாவது மாதம். அவள் மாமியார் புளோயர் வாங்கக் கிளம்பியபோது, "அந்தக் காசுக்கு சிலிண்டர் வாங்குங்க அண்ணி, பிள்ளை பெத்து எழுந்திருக்கிற வரைக்கும் அவ புகையில நிக்க வேணாம்" என்றேன். யோசித்து, சரியென்றார். வீட்டுப் புகையால் 2020-ல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனக் கணக்கு. அதில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் 2,37,000-க்கும் மேல்.

ஆகவே, கர்ப்பிணியோ கைக்குழந்தையோ உள்ள வீட்டில் அன்றாடச் சமையலுக்கு கேஸ்தான் நல்லது. திறந்தவெளியில் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் புளோயர் வைக்கலாம். அப்படி வைத்தால்:

● அடுப்பினுள் கம்பித்தட்டு போட்டு, காற்று அதன் அடியில் வரட்டும். குழாய் இரும்பாக இருக்கட்டும், பிளாஸ்டிக் உருகும்.

● வேகம் குறைக்கும் வசதி இருக்கட்டும். கீற்றுக் கூரையின் கீழ் வேண்டவே வேண்டாம், பொறி பறக்கும்.

● ஈரக்கையால் சுவிட்சைத் தொடாதீர்கள். குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

புளோயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஈர விறகு புகையத்தான் செய்யும். சவுக்கோ வேலிக்காத்தானோ, மெல்லியதாகப் பிளந்து, வெயிலில் காயவைத்து, ஐப்பசி மழைக்கு முன்பே அடுக்கிவிடுங்கள். இரண்டு துண்டுகளைத் தட்டினால் 'டங்'கென்று கேட்க வேண்டும். 'தொப்'பென்றால் இன்னும் காய வேண்டும். இதற்குக் காசு செலவே இல்லை!