யாருக்காக ஓடுகிறோம்?

அறப்பணிக்கு நிதி திரட்ட மராத்தான் ஓடும் வழக்கம் மாநகரங்களில் பரவி, இன்று நம் திருநகர் இளைஞரையும் எட்டியுள்ளது. ஏதிலியரின் வீட்டு வசதிக்காக ஓடலாமே என்கின்றனர். நல்லது, ஓடட்டும். (ஞாயிறு திருப்பலிக்குள் திரும்பிவிடுவார்களா என்பது வேறு கேள்வி.) 'ஓடினோம், கொடுத்தோம், கடமை முடிந்தது' என்னும் மனநிறைவையே நாம் எதிர்க்கிறோம்.

திருமங்கலத்திற்கு அருகே உச்சப்பட்டியில் ஈழத்தமிழர் முகாம் உள்ளது. இங்கிருந்து அதன் தொலைவு, மராத்தானின் 42.195 கிலோமீட்டரில் பாதிகூட வராது. நம்முள் எத்தனை பேர் அங்கே கால் வைத்திருக்கிறோம்?

வீடு தேவையில்லை என்பாரில்லை. பத்தடிக்குப் பத்தடி அறையில் மூன்று தலைமுறை வாழ்ந்ததை நாடறியும். தமிழக அரசே 2021-இல் 231.54 கோடி ரூபாயில் 7,469 வீடுகள் கட்டித் தருவதாக அறிவித்தது. பல வீடுகள் எழும்பியும் விட்டன. 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் அதே ஆண்டில் 'மறுவாழ்வு முகாம்' என மாறியது. பெயர் மாறினால் போதுமா? கணக்கெடுப்பு நாளில் முகாமில் இல்லாதவருக்கு உதவித்தொகை நின்றுபோகும். 2016 மார்ச்சில் இதே உச்சப்பட்டியில், மருத்துவமனையில் இருந்த தம் மகனுக்கு வருகைப் பதிவு மறுக்கப்பட்டதாக மனமுடைந்த தந்தை ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்குக் குறைவாயிருந்தது கூரையா?

அவர்களுக்காக ஓடும் நாம் நினைத்த ஊருக்குப் போகிறோம். நினைத்த நாளில் திரும்புகிறோம். அவர்களோ வெளியூரில் இரவு தங்கவும் அனுமதி கேட்டு நிற்கின்றனர். இம்முரண் நம்மை உறுத்தாவிடில், வியர்வை சிந்தி என்ன பயன்?

1983-க்குப் பின் கடல் கடந்து வந்தோரின் பிள்ளைகள் பலர் இம்மண்ணிலேயே பிறந்தவர்கள். எனினும் 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண் ஒருவர், கடவுச்சீட்டு பெற நம் மதுரை உயர்நீதிமன்றக் கிளையை நாட வேண்டியிருந்தது. 2022-இல் தீர்ப்பு அவருக்குச் சாதகமாயிற்று. 2024 தேர்தலில் வாக்களித்தார். 1987 ஜூலைக்குப் பின் பிறந்தவர்களுக்கோ, இந்தியாவில் பிறந்தது மட்டுமே குடியுரிமைக்குப் போதாது.

எகிப்துக்குத் தப்பியோடிய திருக்குடும்பமே எல்லா ஏதிலியர் குடும்பங்களுக்கும் முன்மாதிரி என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1952-இல் தம் திருத்தூது ஆவணத்தில் எழுதினார். கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் பரப்பும் நாம் இதை மறந்துவிடுகிறோம். பிறரன்பு நீதிக்கு மாற்றாகாது என்று மறைக்கல்வியில் கற்பித்துவிட்டு, ஒரு பனியனையும் பதக்கத்தையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவது முறையாகுமா?

ஆகவே இளைஞர்களுக்கு நம் வேண்டுகோள் இதுதான்: ஓட்டத்தில் சேரும் ஒவ்வொருவரும் நன்கொடையோடு, குடியுரிமை கோரும் மனு ஒன்றிலும் கையொப்பமிடட்டும். முகாம் இளைஞரையும் உடன் ஓட அழையுங்கள். அதற்கு அனுமதி வேண்டுமெனில், வட்டாட்சியர் அலுவலகத்திற்கு நாமும் வருகிறோம்.