மலிவு எண்ணெய்க்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

கச்சா எண்ணெயைப் பின்னக் காய்ச்சி வடிக்கும் கோபுரத்தின் படத்தை வரையாத வேதியியல் மாணவர் நம் கல்லூரியில் இருக்க முடியாது. உச்சியில் வாயு, அதற்குக் கீழே பெட்ரோல், பிறகு மண்ணெண்ணெய், டீசல் என்று வரிசையாக அம்புக்குறி போடுகிறோம். அடியில் ‘எச்சம்’ என்று ஒரு சொல்லை எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறோம். ஐந்து மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. அந்த எச்சம் எங்கே போகிறது என்று சென்ற ஆண்டுவரை நானும் கேட்டதில்லை.

கேட்க வைத்தவர் என் தாய்மாமன். சரக்குக் கப்பலொன்றின் எஞ்சின் அறையில் அவர் ஆயிலர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுக் கடலுக்குப் போனவர். அவர் அனுப்பிய பணத்தில்தான் எங்கள் குடும்பத்திலிருந்து முதன்முதலாக ஒருவன் கல்லூரிப் படியேறியிருக்கிறேன். விடுமுறையில் வந்திருந்தவர் என் நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்து, அந்தப் படத்தின் அடியில் விரலை வைத்தார். “மருமகனே, இதைத்தான் எங்க கப்பல் குடிக்குது” என்றார். பிறகு வலக்கைச் சட்டையை மடித்துக் காட்டினார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கிப் பளபளத்தது. அடைத்துப்போன வடிகட்டியைத் திறந்தபோது தெறித்த எண்ணெய் செய்த வேலை அது.

தெறித்த எண்ணெய் இப்படிச் சுடுமா என்று நான் வியந்தேன். சுடாமல் என்ன செய்யும்? அறை வெப்பநிலையில் இந்த எச்சம் குழம்பை விடக் கெட்டி. தொட்டியிலிருந்து உறிஞ்சவே அதைச் சூடேற்ற வேண்டும். சுழற்றிச் சுத்தம் செய்யும் ப்யூரிஃபையருக்கு வரும்போது 98 டிகிரி. எஞ்சினுக்குள் பீய்ச்சும்போது சுமார் 130, 140 டிகிரி. கொதிநீரை விடச் சூடான கரிய எண்ணெயின் நடுவேதான் எஞ்சின் அறை ஊழியரின் பிழைப்பு நடக்கிறது.

இந்தப் பழக்கம் புகுந்த கதையும் தெரிந்துகொள்ளத் தக்கது. நிலக்கரியைக் கைவிட்ட கப்பல்கள் கொதிகலன் அடுப்புகளில் பர்னஸ் ஆயிலை எரித்துவந்தன. கொதிகலன் பெரிதாக நாக்கு ருசி பார்ப்பதில்லை. டீசல் எஞ்சின் அப்படியன்று. அதற்கு வடித்தெடுத்த நல்ல எண்ணெயே உணவாக இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தவுடன், 1946-இல், ஜான் லாம்ப் என்ற பொறியாளர் ‘ஆரிக்குலா’ என்னும் எண்ணெய்க் கப்பலில், கொதிகலனுக்குரிய கன எண்ணெயையே டீசல் எஞ்சினுக்கு ஊட்டிப் பார்த்தார். எஞ்சின் ஓடியது. செலவு குறைந்தது. உலகக் கப்பல்களெல்லாம் அந்த வழியே திரும்பின. 1973-இல் எண்ணெய் விலை ஏறியபின் சுத்திகரிப்பு ஆலைகள் கச்சா எண்ணெயிலிருந்து ஒரு சொட்டு பெட்ரோலையும் விடாமல் பிழிந்தெடுக்கத் தொடங்கின. கப்பலுக்கு வந்தது அதற்குப்பின் எச்சத்தின் எச்சம். தரம் சரிந்த வேகத்தைப் பார்த்து 1987-இல் கப்பல் எரிபொருளுக்கென்று ஐ.எஸ்.ஓ. 8217 என்ற தரவிதியே வகுக்க வேண்டியதாயிற்று.

அந்தக் கரிய குழம்பினுள் என்னதான் இருக்கிறது? நம் பாடப் புத்தகத்தின் பாதி இருக்கிறது எனலாம்! ஆலையில் பெரிய மூலக்கூறுகளை உடைக்கப் பயன்பட்ட வினையூக்கியின் துகள்கள், அதாவது அலுமினியமும் சிலிக்கனும் கலந்த கடினமான பொடி, எண்ணெயோடு வந்துவிடுகிறது. சிலிண்டரின் உட்சுவரில் இது உப்புத்தாள் போலத் தேய்க்கும். கப்பலில் ஏற்றும் எண்ணெயில் கிலோவுக்கு 60 மில்லிகிராம் வரை இதற்கு அனுமதி உண்டு. மிச்சத்தை ப்யூரிஃபையரும் வடிகட்டியும் பிடித்தாக வேண்டும். வனேடியம் இருக்கிறது. எரியும்போது அது வனேடியம் பென்டாக்சைடு ஆகிறது. 690 டிகிரி அளவில் உருகும் இந்தச் சாம்பல், சோடியம் சேர்ந்தால் இன்னும் குறைந்த வெப்பத்திலேயே இளகி, வெளியேற்று வால்வுகளிலும் கொதிகலனின் சூடான குழாய்களிலும் ஒட்டிக்கொண்டு, உலோகத்தைக் காக்கும் ஆக்சைடு படலத்தையே கரைத்துவிடுகிறது. கந்தகத்தின் வேலையோ நேர்மாறானது. அது குளிர்ந்த இடத்தைத் தேடிப் போகும். டை ஆக்சைடாகி, அதில் ஒரு பகுதி ட்ரை ஆக்சைடாகி, நீராவியோடு கூடிக் கந்தக அமிலமாகச் சிலிண்டர் சுவரிலும் புகைபோக்கி அருகிலுள்ள குழாய்களிலும் பனிபோல் படிகிறது. இதை முறிக்கவே காரத்தன்மையுள்ள உயவு எண்ணெயைச் சிலிண்டருக்குள் ஓயாமல் விடுகிறார்கள். ஓடும் எஞ்சினுக்குள் இரவும் பகலும் அமில-கார நடுநிலையாக்கல்! நாம் ப்யூரெட்டும் பிப்பெட்டும் வைத்துக்கொண்டு செய்வதை அவர்கள் நடுக்கடலில் செய்கிறார்கள்.

என் கருத்தை இங்கேதான் சொல்ல வேண்டும். இந்த எண்ணெய் மலிவு என்பது கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை மட்டும் படிப்பதாகும். எண்ணெய் மோசமாக மோசமாக வடிகட்டி அடிக்கடி அடைக்கிறது. அதைத் திறப்பது மாமாவின் கை. கொதிகலன் குழாய்களில் கரி படிகிறது. உள்ளே நுழைந்து சுரண்டுவது மாமாவைப் போன்றோரின் நுரையீரல். டீசல் எஞ்சின் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே வகைப்படுத்திவிட்டது. எண்ணெய் வாங்குவோர் பேரம் பேசிக் குறைத்த காசு மறைந்துவிடவில்லை. வேறொருவர் மேல் ஏற்றப்பட்டிருக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. மார்ப்போல் உடன்படிக்கையின் ஆறாம் இணைப்பின்படி 2012 முதல் 3.50 சதவீதமாக இருந்த கந்தக வரம்பு, 2020 ஜனவரி 1 முதல் 0.50 ஆயிற்று. பெரிய முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே 2020-இல் ஏப்ரல் முதல் நம் நாட்டுச் சாலை டீசலுக்கு விதித்த வரம்பு பத்து லட்சத்தில் 10 பங்கு. 0.50 சதவீதம் என்றால் பத்து லட்சத்தில் 5,000 பங்கு. நம் ஊர்ப் பேருந்தை விட 500 மடங்கு! அதிலும் ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். ஸ்க்ரப்பர் என்னும் கழுவும் கருவியைப் புகைபோக்கியில் பொருத்திவிட்டால் பழைய கந்தக எண்ணெயையே எரிக்கலாம். திறந்த முறை ஸ்க்ரப்பர் கடல்நீரால் புகையைக் கழுவி, அந்த அமில நீரைக் கடலிலேயே விட்டுவிடுகிறது. வீட்டுக் குப்பையை அடுத்த வீட்டுக் கொல்லையில் கொட்டிவிட்டு வாசலில் கோலம் போடுவது போன்றதே இது. சிங்கப்பூர் தன் துறைமுக எல்லைக்குள் இந்த நீரை விடக்கூடாதென்று 2020-லேயே தடுத்துவிட்டது. மீன் பிடித்துப் பிழைக்கும் கரையுள்ள எந்தத் துறைமுகமும் அதை அனுமதிக்கலாகாது.

இந்த எண்ணெய் கொட்டினால் என்னவாகும் என்பதைச் சென்னைக் கரை பார்த்திருக்கிறது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூரில் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதியபோது கரை ஒதுங்கிய கரிய குழம்பு, கப்பல் தன் எஞ்சினுக்கென்று வைத்திருந்த எண்ணெய். அதை மீனவரும் மாணவரும் வாளியால் அள்ளினார்கள். 2025 மே மாதம் கேரளக் கடலில் மூழ்கிய ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ என்ற சரக்குக் கப்பலின் தொட்டிகளில் 367 டன் பர்னஸ் ஆயில் இருந்தது.

‘நல்ல எண்ணெய் எரித்தால் கப்பல் கூலி ஏறாதா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எங்கள் வீட்டுச் சட்டியில் காய்வது ரேஷன் கடைப் பாமாயில். அது கடல் கடந்துதான் வருகிறது. கூலி ஏறினால் முதலில் முனகுவது என் அம்மாவாகத்தான் இருக்கும். இந்த எண்ணெயை நாளைக்கே ஒழித்துவிடுங்கள் என்று நான் எழுதாததற்குக் காரணம் அதுவே.

ஆனால் காசு அதிகம் கேட்காத ஒன்று உண்டு. கப்பலுக்கு எண்ணெய் ஏற்றும்போது ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். அதில் கந்தகமும் அடர்த்தியும் கட்டாயம். அலுமினியம், சிலிக்கன், வனேடியம், சோடியம் எவ்வளவு என்று அச்சீட்டு சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. எரிபொருள் ஊழியருக்குத் தீங்கு விளைவிக்கலாகாது என்று அதே ஆறாம் இணைப்பே கூறுகிறது. கூறியதைச் சீட்டில் எழுத வைப்பதில் என்ன தடை? 2022 தொடக்கத்தில் சிங்கப்பூரில் குளோரின் கலந்த கரிமச் சேர்மங்கள் உள்ள எண்ணெய் ஏறத்தாழ 200 கப்பல்களுக்குப் போய், சுமார் 80 கப்பல்களில் எண்ணெய்ப் பம்பும் எஞ்சினும் கோளாறாயின. ஏற்றுமுன் முழுச் சோதனை, சோதனை முடிவின் ஒரு பிரதி எஞ்சின் அறைச் சுவரில். இவ்வளவுதான் நான் கேட்பது. என்ன வருகிறது என்று தெரிந்தால், வடிகட்டியைத் திறப்பவர் கையுறையாவது கூட ஒன்று போட்டுக்கொள்வார்.

மாமா சென்ற மாதம் மறுபடி கப்பல் ஏறிவிட்டார். இந்த முறை ஸ்க்ரப்பர் பொருத்திய கப்பலாம். புறப்படும்போது, கப்பல் எண்ணெயைச் சோதிக்கவென்றே ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன, வேதியியல் படித்தவனுக்கு அங்கே வேலை உண்டு என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படி ஒரு வேலை இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வரும் தேர்வில் அந்தக் கோபுரப் படம் வந்தால், ‘எச்சம்’ என்ற சொல்லுக்குக் கீழே இன்னும் நாலு வரி எழுதலாமென்றிருக்கிறேன். அதற்கு மதிப்பெண் உண்டா இல்லையா என்பதை எங்கள் துறை ஆசிரியர்கள்தான் சொல்ல வேண்டும்.